"கோட்டா ஃபுல்"னு வாயால சொன்னதை நம்பி உக்காந்துடாதீங்க

இந்த தடவை வந்தது ஆறு பக்க கடிதம், பேனாவால எழுதி ஸ்கேன் பண்ணி அனுப்பியிருக்காங்க. பேரு, ஊரு, எந்த துறைன்னு தெரியற விவரம் எல்லாத்தையும் எடுத்துட்டேன், மிச்சம் இதுதான்.

எழுதினவங்களுக்கு 44 வயசு. பட்டியல் சாதியைச் சேர்ந்தவங்க. தமிழ்நாட்டுல இருக்கற ஒரு மத்திய அரசு அலுவலகத்துல 2005ல நேரடித் தேர்வுல சேர்ந்தவங்க, அதுவும் வயசுச் சலுகையோ மார்க் சலுகையோ எதுவும் வாங்காம பொதுப் பட்டியல்லயே தேறினவங்க. அடுத்த பதவி சூப்பரிண்டெண்ட், அந்த கேடர்ல (பதவித் தொகுப்புல) மொத்தம் 20 இடம். ரெண்டு தடவை டிபிசி (பதவி உயர்வுக்கு ஆள் பாக்கற குழு) கூடியிருக்கு, ரெண்டு தடவையும் இவங்க பேரு வரல. மூணு வருஷம் முன்னாடி கேட்டப்ப "ஏபிஏஆர் மார்க் பத்தலம்மா"ன்னு சொல்லியிருக்காங்க (ஏபிஏஆர்னா மேலதிகாரி வருஷா வருஷம் எழுதற வேலை மதிப்பீடு). போன தடவை கேட்டப்ப "எஸ்.சி கோட்டா ஃபுல், ஏற்கனவே மூணு பேரு இருக்காங்க"ன்னு சொல்லியிருக்காங்க. அந்த தடவை இவங்களுக்கு ஜூனியர், பொதுப்பிரிவு பொண்ணு ஒருத்தங்க, மேல போயிட்டாங்க. அந்த ஆர்டர் வந்து ஒன்பது மாசம் ஆச்சு. நடுவுல மூணு மனு குடுத்திருக்காங்க, ஒண்ணுக்கும் பதில் இல்ல. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல பிரிவு அதிகாரி எட்டு பேர் முன்னாடி சாதிப் பேரைச் சொல்லி, "உங்க ஆளுங்க எல்லாம் கோட்டாலயே ஏறிடலாம்னு பாக்கறீங்க"ன்னு சொன்னதையும், அன்னிக்கு சாயந்திரம் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல வந்த ஒரு கேலிப் படத்தையும் எழுதியிருக்காங்க. "வேலைய விட்டுட்டு தனியாருக்குப் போயிடலாமான்னு இருக்கு மேடம், இல்லன்னா பிசிஆர் கேஸ் போட்டுடலாமான்னு இருக்கு"ன்னு முடிச்சிருக்காங்க.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்க கடிதத்தை முதல் தடவை படிச்சப்ப கோவம் வந்துச்சு, ரெண்டாவது தடவை படிச்சப்ப ஒரு விஷயம் கண்ணுல பட்டுது, அதை முதல்ல சொல்லிடறேன். உங்ககிட்ட சொன்ன ரெண்டு காரணமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டல. கோட்டா ஃபுல்லா இருக்கு, இல்லாம போகுது, அது எஸ்.சி-க்குன்னு ஒதுக்கின இடத்தைப் பத்தின பேச்சு. நீங்க சீனியாரிட்டி லிஸ்ட்ல அந்த பொண்ணுக்கு மேல இருக்கீங்க. அப்போ பொது இடம் ஒண்ணு காலியானா அதுக்கும் சீனியாரிட்டிப்படி உங்க பேரைத்தான் முதல்ல எடுத்துப் பாக்கணும், எஸ்.சி-ங்கறதால பொது இடத்துக்கு நீங்க அந்நியர் ஆயிட மாட்டீங்க. 2002 பிப்ரவரி 8ல மத்திய பணியாளர் துறை போட்ட உத்தரவுக்கு அப்புறம் செலக்‌ஷன் முறைல கூட டிபிசி பாக்கறது ஒண்ணுதான், பெஞ்ச்மார்க்கை (ஏபிஏஆர்ல எடுக்க வேண்டிய குறைந்தபட்சத் தரத்தை) தொட்டாங்களா இல்லையா, ஃபிட்டா அன்ஃபிட்டா. ஃபிட்டுன்னா சீனியாரிட்டி வரிசைல போகணும், "இவரு இன்னும் நல்லா வேலை செய்யறாரு"ன்னு ஜூனியரைத் தூக்கி மேல வைக்க முடியாது. அப்படி இருக்கறப்ப ஜூனியர் போயிருக்காங்கன்னா ரெண்டுல ஒண்ணு நடந்திருக்கணும். ஒண்ணு, டிபிசி மினிட்ஸ்ல (கூட்டக் குறிப்புல) உங்களை அன்ஃபிட்டுன்னு எழுதியிருக்கணும். இல்ல, உங்க பேரையே டிபிசி முன்னாடி வைக்காம, எஸ்.சி லிஸ்ட்ல தள்ளிட்டு "அங்க இடம் இல்ல"ன்னு மூடியிருக்கணும். ரெண்டாவது நடந்திருந்தா அது சாதாரணத் தப்பு இல்ல. பதவி உயர்வு கேக்கறது உரிமை இல்ல, ஆனா பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கப்படறது அரசியல் சட்டம் 16வது பிரிவுல வர்ற அடிப்படை உரிமைன்னு 1999ல அஜித் சிங் வழக்குல அரசியல்சாசன அமர்வே சொல்லியிருக்கு.

அதனால யாரு என்ன சொன்னாங்கங்கறதை கொஞ்சம் தள்ளி வச்சுட்டு என்ன எழுதியிருக்காங்கன்னு பாப்போம். சர்வீஸ் கேஸ்ல வாயால சொன்னதுக்கு மதிப்பு ரொம்பக் கம்மி, நாளைக்கு கவுன்ட்டர்ல (கோர்ட்ல குடுக்கற பதில் மனுல) அவங்க வேற ஒரு காரணம் எழுதுவாங்க, "கோட்டா ஃபுல்னு நாங்க சொல்லவே இல்ல"ன்னும் எழுதுவாங்க.

"சுப்ரீம் கோர்ட்டு நிறுத்திடுச்சாமே"

ப்ரமோஷன்ல எஸ்.சி, எஸ்.டி இடஒதுக்கீட்டைப் பத்தி உங்க ஹெட் கிளார்க் இப்படி சொன்னதா எழுதியிருக்கீங்க. அவரு பாதி கதையில எழுந்து போனவர் மாதிரி பேசறாரு. 1992ல இந்திரா சஹானி தீர்ப்புல ஒன்பது நீதிபதிகள் அமர்வு ப்ரமோஷன்ல இடஒதுக்கீடு கிடையாதுன்னு சொன்னது நிஜம்தான். அதுக்கப்புறம் 1995ல 77வது திருத்தம் கொண்டு வந்து 16(4ஏ) சேர்த்தாங்க, எஸ்.சி, எஸ்.டி-க்கு மட்டும் ப்ரமோஷன்ல ஒதுக்கலாம்னு. 2001ல 85வது திருத்தம், அப்படி மேல போனவங்களுக்கு அந்த சீனியாரிட்டியும் கூடவே வரும்னு. 2006ல நாகராஜ் வழக்குல இந்த திருத்தங்கள் செல்லும், ஆனா போதுமான பிரதிநிதித்துவம் இல்லைங்கறதுக்கு டேட்டா காட்டணும்னாங்க, பின்தங்கிய நிலைக்கும் டேட்டா கேட்டாங்க. 2018ல ஜர்னைல் சிங் வழக்குல பின்தங்கிய நிலைக்கு டேட்டா தேவையில்லைன்னு அதை மட்டும் எடுத்துட்டாங்க. 2022 ஜனவரி 28ல, டேட்டாவை கேடர் வாரியா எடுக்கணும், மொத்த சர்வீஸுக்கும் சேர்த்து எடுத்தா செல்லாதுன்னாங்க. அதை வச்சு அந்த வருஷம் ஏப்ரல் 12ல பணியாளர் துறை எல்லா அமைச்சகத்துக்கும் நடைமுறை அனுப்புச்சு. ஆக நிக்கல, நிபந்தனையோட நடக்குது. நிபந்தனைய நிறைவேத்த வேண்டியது ஆபீஸோட வேலை. "நாங்க டேட்டா எடுக்கல, அதனால உங்களுக்கு இல்ல"ன்னா, அது ஏன் எடுக்கலங்கற கேள்விய அவங்ககிட்டதான் கேக்கணும்.

ஒரு எல்லை மட்டும் தெரிஞ்சுக்குங்க. செலக்‌ஷன் மூலமா நடக்கற ப்ரமோஷன்ல இந்த ஒதுக்கீடு குரூப் ஏ-யோட ஆகக் கீழ்ப் படி வரைக்கும்தான், அதுக்கு மேல கிடையாது. சூப்பரிண்டெண்ட் பதவி அதுக்குக் கீழ இருக்கறதால உங்களுக்கு கவலை இல்ல.

வீட்டுக்காரரும் சம்பாதிக்கறாரு, கிரீமி லேயர்ல (வசதியானவங்கன்னு ஒதுக்கீட்டுல இருந்து விலக்கறது) போயிடுவேனான்னு கேட்டிருந்தீங்க. 2024 ஆகஸ்ட்ல உள்ஒதுக்கீடு வழக்குல சில நீதிபதிகள் அப்படி ஒண்ணு வரணும்னு கருத்து சொன்னாங்க, ஆனா மத்திய அரசு வேலைல எஸ்.சி-க்கு அப்படி ஒரு விதி நடைமுறைல இல்ல. அந்த பயத்தை விட்டுடுங்க.

மூணு பேரு எப்படி மூணு பேரா ஆனாங்க

20 இடத்துல 15 சதவீதம்னா 3. கேடர்ல மூணு எஸ்.சி ஆளுங்க இருக்காங்க. அதனால ஃபுல். கேக்கறதுக்கு சரியா இருக்கு இல்ல? பெரும்பாலான ஆபீஸ்ல தலையை எண்ணிட்டு கணக்கை முடிச்சுடறாங்க, ஆனா சட்டம் தலையை எண்ணச் சொல்லல, ரோஸ்டர் புள்ளிய எண்ணச் சொல்லுது.

ரோஸ்டர்னா ஒரு ரிஜிஸ்டர்தான். 1வது புள்ளி பொது, 2வது பொது, இப்படிப் போய் 7வது புள்ளி எஸ்.சி-ன்னு வரிசையா போட்டிருப்பாங்க, எதிர்ல அந்த புள்ளில யாரை போட்டாங்கன்னு பேரு, தேதி இருக்கும். 1995 பிப்ரவரில ஆர்.கே.சபர்வால் வழக்குல ரெண்டு விஷயம் தெளிவாச்சு. ஒண்ணு, சொந்தத் தகுதில வந்த எஸ்.சி ஆளை ஒதுக்கீட்டுப் புள்ளில எழுதி கணக்கை நெரப்பக் கூடாது. ரெண்டு, ஒருத்தர் ரிடையர் ஆனா அவரு எந்தப் புள்ளில இருந்தாரோ அந்தப் பிரிவு ஆளுதான் அந்த இடத்துக்கு வரணும். இதை வச்சுதான் 1997 ஜூலை 2ல பதவி அடிப்படை ரோஸ்டர் உத்தரவு வந்துச்சு. 2002 ஜூலை 11ல ப்ரமோஷனுக்கும் இதையே சொன்னாங்க, தன் சொந்த சீனியாரிட்டி, தகுதில மேல வந்தவங்களை பொதுப் புள்ளில காட்டணும்னு.

இப்ப உங்க கடிதத்துல நாலாம் பக்கம் ஒரு வரி இருக்கு, நீங்களே அதை பெருசா எடுத்துக்கல. அந்த மூணு பேர்ல ரெண்டு பேரு "எங்க எல்லாருக்கும் சீனியர், எப்படியும் வந்திருப்பாங்க"ன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு கேஸ் அங்கதான் இருக்கற மாதிரி தெரியுது. அந்த ரெண்டு பேரும் பரிசீலனை வரம்பு (சீனியாரிட்டில எத்தனாவது ஆள் வரைக்கும் பாக்கறாங்கங்கறது), அனுபவ வருஷம், மார்க்னு எந்த தளர்வும் வாங்காம சீனியாரிட்டில வந்தவங்கன்னா, அவங்க பொதுப் புள்ளில இருக்கணும். அப்போ எஸ்.சி புள்ளி மூணுல நெரம்பினது ஒண்ணுதான். இதுல ப்ரமோஷன் விஷயத்துல கோர்ட்ல நிறைய வாதம் நடந்திருக்கு, நடுவுல உத்தரவுகள் மாறவும் செஞ்சிருக்கு, அதனால அந்த ரெண்டு பேரும் எந்த வருஷம் ப்ரமோட் ஆனாங்கங்கறதைப் பொறுத்து எந்த உத்தரவு பொருந்தும்னு உங்க வக்கீல் உக்காந்து பாக்கணும். நான் இங்க இருந்து அடிச்சு சொல்ல மாட்டேன். ஆனா ரிஜிஸ்டரைப் பாக்காம "ஃபுல்"ங்கற வார்த்தைய ஏத்துக்கவே ஏத்துக்காதீங்க.

(சின்னதா ஒண்ணு. கேடர்ல 13 இடம் இல்ல அதுக்கும் கம்மின்னா கணக்கு வேற, அதுக்கு தனியா எல் வடிவ ரோஸ்டர் இருக்கு. வேற யாராவது இதைப் படிச்சுட்டு தன் ஆபீஸுக்கு 15 சதவீதம் போட்டுப் பாத்து குழம்ப வேணாம்னுதான் சொல்றேன்.)

ஒவ்வொரு அமைச்சகத்துலயும் எஸ்.சி, எஸ்.டி விஷயத்துக்குன்னு லயசன் ஆபீசர் ஒருத்தர் இருக்கணும், வருஷா வருஷம் ரோஸ்டரை இன்ஸ்பெக்ட் பண்ணி கையெழுத்து போடறது அவரு பொறுப்பு. உங்க ஆபீஸ்ல அப்படி ஒருத்தர் இருக்காருன்னே நீங்க கேள்விப்பட்டதில்லன்னு எழுதியிருந்தீங்க, எனக்கு அது ஆச்சரியமா இல்ல. ஆனா அவருக்கு எழுதின கடிதம் ஒரு நல்ல ஆவணம்.

ஏபிஏஆர் விஷயத்துல உங்க பக்கமும் ஒரு ஓட்டை இருக்கு

இதை இனிப்பு தடவி சொல்ல முடியாது. ரெண்டு வருஷம் உங்க மார்க் 7.8ல இருந்து 5.5க்கு இறங்கியிருக்கு, புது ரிப்போர்ட்டிங் ஆபீசர் வந்தப்புறம். அதுல ஒரு வருஷத்துது ஆன்லைன்ல உங்களுக்கு வந்துச்சு, நீங்க பாத்தீங்க, "வம்பு எதுக்கு"ன்னு விட்டுட்டீங்க. 2009 மே 14 உத்தரவுப்படி மொத்த ஏபிஏஆரையும் உங்களுக்குக் காட்டணும், 15 நாளுக்குள்ள நீங்க ஆட்சேபம் எழுதலாம், எழுதினா 30 நாள்ல முடிவு சொல்லணும். அந்த 15 நாளை நீங்க விட்டதால அந்த வருஷத்து மார்க் கிட்டத்தட்ட நிலையாயிடுச்சுன்னுதான் எடுத்துக்கணும், தாமதத்துக்கு காரணம் சொல்லி இப்பவும் எழுதிப் பாக்கலாம், பெரிய நம்பிக்கை வைக்காதீங்க.

இன்னொரு வருஷம் உங்களுக்குக் காட்டவே இல்லைன்னு சொல்றீங்க. அது வேற கதை. 2008ல தேவ் தத் வழக்கு, அப்புறம் 2013ல சுக்தேவ் சிங் வழக்குல மூணு நீதிபதிகள், நல்ல மார்க்கோ கெட்ட மார்க்கோ ஒவ்வொரு பதிவையும் ஊழியருக்குத் தெரிவிச்சே ஆகணும்னு முடிவா சொல்லிட்டாங்க. காட்டாத மார்க்கை வச்சு உங்களை அன்ஃபிட்டுன்னு எழுதியிருந்தா அந்த டிபிசி முடிவு ஆட்டம் காணும்.

அதே நேரம் 5.5ங்கறது ஸ்கேல்ல "குட்"தான், 4க்கும் 6க்கும் நடுவுல. உங்க பதவிக்கு பெஞ்ச்மார்க்கே "குட்"டா இருந்தா நீங்க எந்த வருஷத்துலயும் தேறாம போகவே இல்ல. பெஞ்ச்மார்க் என்னன்னு நீங்க எழுதல, தெரியாதுன்னு நினைக்கிறேன். முதல்ல கேக்க வேண்டிய கேள்வி அதுதான்.

பிசிஆர் கேஸ், கமிஷன், எம்.பி லெட்டர்

நம்ம ஊர்ல இன்னும் எல்லாரும் பிசிஆர்னுதான் சொல்றோம், அது 1955 குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தோட பேரு. நீங்க சொல்ற மாதிரி சம்பவத்துக்கு வர்றது 1989 வன்கொடுமை தடுப்புச் சட்டம். அதுல 3(1)(ஆர்) பொது பார்வைல படற இடத்துல வேணும்னே அவமானப்படுத்தறது, 3(1)(எஸ்) சாதிப் பேரைச் சொல்லித் திட்டறது. "பொது பார்வை"ங்கறதுதான் முக்கியம், நாலு சுவத்துக்குள்ள தனியா சொன்னது வராதுன்னு 2020ல ஹிதேஷ் வர்மா வழக்குல சொல்லியிருக்காங்க. உங்களுக்கு நடந்தது சாப்பாட்டு ஹால்ல, எட்டு பேர் முன்னாடி, சாதிப் பேரோட. புகார் குடுக்க இடம் இருக்கு. அந்த அதிகாரி எஸ்.சி, எஸ்.டி இல்லாதவரா இருக்கணும், சாட்சி சொல்ல ஒருத்தராவது துணியணும். எஃப்.ஐ.ஆர் போட முன்விசாரணை தேவையில்லைன்னு 18ஏ சொல்லுது, விசாரிக்க வேண்டியது டி.எஸ்.பி. அளவுல உள்ளவரு. வாட்ஸ்அப் படம் பத்தி அவ்வளவு உறுதியா சொல்ல மாட்டேன், மூடின குரூப் பொது பார்வையாங்கறது வாதாட வேண்டிய விஷயம். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது, அந்த போனை மாத்தாதீங்க, விக்காதீங்க, சாட்டை அழிக்காதீங்க, கோர்ட்ல காட்டறப்ப புது சாட்சியச் சட்டம் 63வது பிரிவு சான்றிதழ் வேணும்.

ஆனா நீங்க நினைக்கற மாதிரி கிரிமினல் கேஸ் போட்டா ப்ரமோஷன் வராது. ரெண்டும் வேற வேற வாசல். அந்த அதிகாரிக்கு தண்டனையே கிடைச்சாலும் டிபிசி மினிட்ஸ் அப்படியே இருக்கும். இன்னொண்ணு, ப்ரமோஷன் ஃபைல்ல ஒண்ணும் எடுக்காம கிரிமினல் கேஸை மட்டும் முன்னாடி விட்டா, "ப்ரமோஷன் கிடைக்கலன்னு பழி வாங்கறாங்க"ன்னு எதிர்ப்பக்கம் எழுதுவாங்க, நான் பாத்த வரைக்கும் எல்லா கவுன்ட்டர்லயும் அந்த வரி இருக்கு. அதுக்காக போடாதீங்கன்னு சொல்ல வரல. அவமானம் உங்களுது, முடிவும் உங்களுது. போடறதா இருந்தா நடந்ததை நடந்த தேதியோட, யார் யார் இருந்தாங்கன்னு, ஒரு வார்த்தை கூட்டாம இன்னிக்கே எழுதி வைங்க.

கமிஷன் பத்தி. தேசிய பட்டியல் சாதிகள் ஆணையம் 338வது பிரிவுல வர்ற அமைப்பு, அதிகாரிய வரச் சொல்லலாம், ஃபைலைக் கொண்டு வான்னு சொல்லலாம், அதுக்கு சிவில் கோர்ட் மாதிரி அதிகாரம் உண்டு. ஆனா "இவங்களுக்கு ப்ரமோஷன் குடு", "அந்த ஆர்டரை நிறுத்து"ன்னு கட்டளை போட முடியாது, 1996லயே சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லிடுச்சு. பரிந்துரைதான். அப்ப எதுக்கு போகணும்? ரிஜிஸ்டரை வெளில கொண்டு வர்றதுக்கு. கமிஷன்ல இருந்து நோட்டீஸ் வந்தா அதுவரைக்கும் "காணோம்"னு சொன்ன ரோஸ்டர் எங்கிருந்தோ வந்துடும்.

உங்க மாமா எம்.பி கிட்ட லெட்டர் வாங்கித் தர்றேன்னாரு இல்ல, வேணாம்னு சொல்லிடுங்க. நடத்தை விதிகள் 1964ல 20வது விதி, சர்வீஸ் விஷயத்துக்கு அரசியல் செல்வாக்கோ வெளி செல்வாக்கோ கொண்டு வரக்கூடாது. அந்த லெட்டர் உங்களுக்கு உதவுதோ இல்லையோ, உங்களுக்கு மெமோ குடுக்க அவங்களுக்கு ஒரு காகிதம் கிடைச்சுடும். கமிஷனுக்கு எழுதறதை இதோட போட்டு குழப்பிக்காதீங்க, அது அரசியல்சட்ட அமைப்பு.

இருக்கற மூணு மாசம்

இப்ப நான் பயப்படற விஷயத்துக்கு வர்றேன். மூணு மனு குடுத்திருக்கேன், பதில் வரட்டும்னு காத்திருக்கேன்னு எழுதியிருக்கீங்க. தயவு செஞ்சு காத்திருக்காதீங்க. மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக 1985 சட்டம் 21வது பிரிவுல ஒரு வருஷம்தான் டைம். மனு குடுத்து ஆறு மாசம் பதில் இல்லன்னா அதுக்கப்புறம் ஒரு வருஷம்னு ஒரு கணக்கு இருக்கு, அதை வச்சு உங்களுக்கு இன்னும் நாள் இருக்குன்னு சில பேரு சொல்லுவாங்க, இருக்கலாம். ஆனா விதில இல்லாத மனுவைத் திரும்பத் திரும்ப குடுத்தா காலக்கெடு நீளாதுன்னு 1989ல எஸ்.எஸ்.ரத்தோர் வழக்குல ஏழு நீதிபதிகள் சொல்லியிருக்காங்க. அந்த சண்டைய எதுக்கு நாமளா இழுத்து விட்டுக்கணும்? ஜூனியருக்கு ப்ரமோஷன் ஆர்டர் வந்த தேதில இருந்து ஒரு வருஷம்னு வச்சுக்குங்க. ஒன்பது மாசம் போச்சு. மிச்சம் மூணு மாசம்.

இந்த வாரமே ஆர்.டி.ஐ போடுங்க, 10 ரூபா. ஒரே மனுல கேளுங்க: ரெண்டு டிபிசி-யோட மினிட்ஸ், சூப்பரிண்டெண்ட் கேடரோட ப்ரமோஷன் ரோஸ்டர் ரிஜிஸ்டர் நகல், அந்தந்த தேதில இருந்த சீனியாரிட்டி லிஸ்ட், ஆட்சேர்ப்பு விதிகள், பெஞ்ச்மார்க், உங்களோட அஞ்சு வருஷ ஏபிஏஆர், உங்க மூணு மனு மேல எழுதின நோட்டிங் (ஃபைல் குறிப்பு). மத்தவங்க ஏபிஏஆரைக் கேக்காதீங்க, அதை தனிப்பட்ட தகவல்னு சொல்லி மொத்த மனுவையும் இழுத்தடிப்பாங்க. 30 நாள்ல வரணும். வரலன்னா முதல் அப்பீல் போடுங்க, ஆனா அப்பீலுக்காக கேஸை நிறுத்தாதீங்க, ஆவணம் இல்லன்னாலும் தீர்ப்பாயம் துறைய கொண்டு வரச் சொல்லும்.

அதே நேரம் நாலாவதா, கடைசியா, ஒரே ஒரு மனு, ப்ராப்பர் சேனல்ல (மேலதிகாரி வழியா), ஒரு காப்பி லயசன் ஆபீசருக்கு. இதுல வருத்தம், அவமானம், 20 வருஷ உழைப்பு எதுவும் வேணாம். ரெண்டே கேள்வி. பொது இடத்துக்கு என் சீனியாரிட்டிப்படி நான் பரிசீலிக்கப்பட்டேனா? எஸ்.சி புள்ளிகள்ல இப்ப யார் யார், எப்படி வந்தவங்க? உங்க பழைய மூணு மனுவையும் படிச்சேன். மனசை உருக்குது, ஆனா பதில் சொல்லியே ஆகணும்னு அவங்களை மடக்கற கேள்வி ஒண்ணு கூட அதுல இல்ல.

அப்புறம் சர்வீஸ் வழக்கு பாக்கற வக்கீலா பாருங்க, குடும்ப வழக்கு பாக்கற சொந்தக்காரரு வேணாம். தீர்ப்பாயக் கட்டணம் 50 ரூபாதான், வக்கீல் பீஸ் தனி. முதல் டிபிசி, அதாவது மூணு வருஷத்துக்கு முந்தினது, காலம் கடந்துடுச்சு, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி கேக்கலாம், கிடைக்கறது கஷ்டம். அதை கோரிக்கையா வைக்கறதை விட, அப்பவே ரோஸ்டர் தப்பா இருந்துச்சுங்கறதுக்கு ஆதாரமா வைக்கறது நல்லது.

ஜெயிச்சா என்ன கிடைக்கும்னும் தெரிஞ்சுக்குங்க. "நாளைல இருந்து இவங்க சூப்பரிண்டெண்ட்"னு தீர்ப்பு வர்றது அபூர்வம். பெரும்பாலும் ரிவ்யூ டிபிசி கூட்டி திரும்பப் பரிசீலிக்கச் சொல்லுவாங்க, அதுல தேறினா ஜூனியர் போன தேதில இருந்து நோஷனலா (கணக்குக்கு மட்டும்) ப்ரமோஷன், சீனியாரிட்டி. பழைய சம்பளப் பாக்கி முழுசா வரும்னு கடன் வாங்கிடாதீங்க. எம்ஏசிபி வாங்கிட்டீங்க, அதனால கேஸ் போட முடியாதுன்னு யாரோ சொன்னதா இருந்துச்சு, அது தப்பு. எம்ஏசிபி வெறும் சம்பள உயர்வு, பதவி இல்ல, அது உங்க ப்ரமோஷன் உரிமைய தொடாது.

தனியாருக்குப் போறது

போறதுன்னா சந்தோஷமா போங்க, ஆனா அங்க பாகுபாடு நடந்தா புகார் குடுக்க வழி அதிகம்னு நினைச்சு போகாதீங்க. 16வது பிரிவு அரசைத்தான் கட்டுப்படுத்தும். தனியார் கம்பெனி ஆள் எடுக்கறதுல, மேல ஏத்தறதுல சாதி பாத்துச்சுன்னு போய் நிக்க தனியா ஒரு பொதுச் சட்டம் நம்ம நாட்டுல இல்ல. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டம், எச்.ஐ.வி. உள்ளவங்களுக்கு 2017 சட்டம், திருநர்களுக்கு 2019 சட்டம்னு தனித்தனியா இருக்கு, சாதிக்கு வன்கொடுமை சட்டம் அளவுக்குப் போனாத்தான். கம்பெனியோட உள் விதி எப்படியோ அப்படித்தான். 20 வருஷ சர்வீஸை விட்டுட்டுப் போய் அங்க ஹெச்.ஆர் கிட்ட நிக்கறதை விட, ரிஜிஸ்டர் இருக்கற இடத்துல இருந்து ரிஜிஸ்டரைக் கேக்கறது மேல்னு எனக்குப் படுது. இது சட்டம் இல்ல, என் அபிப்பிராயம்.

கடைசிப் பக்கத்துல ஓரமா ஒண்ணு எழுதியிருந்தீங்க, மேல போன அந்த ஜூனியர் பொண்ணு நல்ல பொண்ணு, உங்க அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப லீவ் போட்டு கூட வந்தவங்க, அவங்க பேரை கேஸ்ல சேக்காம போட முடியாதான்னு. முடியாதும்மா. உங்க கேஸ்ல தீர்ப்பு வந்தா அவங்க இடம் பாதிக்கலாம், பாதிக்கப்படக் கூடியவங்களைக் கேக்காம தீர்ப்பு குடுக்க முடியாது, சேக்கலன்னா அதையே காரணமா வச்சு மனு தள்ளுபடி ஆகும். அவங்க மேல குத்தம் சொல்றதில்ல அது, எதிர்மனுதாரர்னு ஒரு இடம், அவ்வளவுதான். ஆனா தீர்ப்பாய நோட்டீஸ் கவர் அவங்க வீட்டுக்குப் போய், பிரிச்சுப் பாத்து தெரிஞ்சுக்கற மாதிரி விட்டுடாதீங்க. கேஸ் ஃபைல் பண்றதுக்கு முந்தின நாள் நீங்களே அவங்க சீட்டுக்குப் போய் சொல்லிடுங்க.